பிர்ச் பிளைவுட்: விளிம்பில் தெரியும் தரம்



பிளைவுட் கடைக்குப் போனால் நாம் பார்ப்பது முகத்தை. கடைக்காரர் ஒரு பலகையை இழுத்து நிறுத்துவார், நாம் கையால் தடவிப் பார்ப்போம். முடிச்சு இல்லை, நிறம் பரவாயில்லை என்றால் விலை பேச ஆரம்பித்துவிடுவோம். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த முகத்தின் மேல் எப்படியும் மைக்கா ஒட்டப் போகிறோம். ஓரத்தில் பீடிங் அடிக்கப் போகிறோம். பார்த்ததும் மறையும், பார்க்காததும் மறையும். ஐந்து வருடம் கழித்து அலமாரித் தட்டு நடுவில் தொய்யும்போது, உள்ளே என்ன இருந்தது என்று அப்போதுதான் கேட்போம்.

இன்று நான் பேச வந்திருப்பது, ஓரத்தை மறைக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு பிளைவுட்டைப் பற்றி. பிர்ச் பிளைவுட். குறிப்பாக, பால்டிக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வருகிற வகை.

18 மில்லிமீட்டர் பலகை ஒன்றைக் குறுக்கே அறுத்து, அறுத்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தால் 13 அடுக்குகள் தெரியும். ஒன்று வெளிர் நிறம், அடுத்தது கொஞ்சம் மங்கல், மறுபடி வெளிர். இரண்டு மரமல்ல, ஒரே மரம்தான். ஓர் அடுக்கில் இழை நீளவாக்கில் ஓடுகிறது, அடுத்ததில் குறுக்கே ஓடுகிறது. வெட்டுப்பட்ட இழைமுனை மங்கலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். 13 அடுக்கும் ஏறத்தாழ ஒரே தடிமன், சுமார் 1.4 மில்லிமீட்டர். நடுவில் கேப் இல்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறிய வெனீர் இல்லை, மக்கு வைத்து அடைத்த பொந்தும் இல்லை. நம் சாதாரணப் பலகையின் ஓரத்தை இதன் பக்கத்தில் வைத்தால் வித்தியாசத்தை யாரும் சொல்லித் தர வேண்டாம். அடுக்குகள் குறைவாக இருக்கும், ஒன்று தடியாகவும் ஒன்று மெல்லியதாகவும் போகும், மேல்முகம் மட்டும் காகிதம் மாதிரி ஒட்டியிருக்கும்.

இந்தச் சீர்மைக்குக் காரணம் மரம் பாதி, வேலை பாதி. பிர்ச் பெரிய மரமல்ல. குறுகிய கோடையும் நீண்ட குளிர்காலமும் உள்ள வடநாட்டில் மெதுவாக வளர்ந்து, ஒல்லியான அடிமரத்தோடு நிற்கும். நெருக்கமான, ஒரே சீரான இழை. ஆலையில் கட்டையை வெந்நீரில் ஊற வைப்பார்கள். பட்டை உரித்து, கடைசல் எந்திரத்தில் மாட்டிச் சுழற்றுவார்கள். நீளமான கத்தி ஒன்று பக்கவாட்டில் அழுத்த, சுருட்டிய பாயைப் பிரிப்பது போல மரம் நீளமாக உரிந்து வரும். அதைக் காயவைத்து, முடிச்சு விழுந்த இடங்களை வெட்டி எடுத்து, அதே மரத்தில் வெட்டிய ஒட்டுத் துண்டை அங்கே பதிப்பார்கள். பிறகு பசை, சூடு, அழுத்தம். பழைய ஆலைகளின் எந்திரங்கள் அமைந்த அளவுப்படி பலகையும் ஐந்துக்கு ஐந்து அடிச் சதுரமாகவே வரும், 1525 மில்லிமீட்டர். எட்டுக்கு நான்கு அளவிலேயே கணக்குப் போட்டுப் பழகிய நம் தச்சர்களுக்கு இது முதலில் இடிக்கும். பின்லாந்து ஆலைகள் எட்டுக்கு நான்கிலும் தருகின்றன. 18 மில்லிமீட்டரில் ஒரு சதுரப் பலகை 28 கிலோ வரை கனக்கும். மாடிக்கு ஏற்றுபவர் தனியாள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்தப் பலகை நமக்குப் புதிதல்ல. வயதானவர்களுக்குத் தேயிலைப் பெட்டி நினைவிருக்கும். ஓரமெங்கும் தகரம் அடித்த மெல்லிய பலகைப் பெட்டி. தோட்டத்திலிருந்து தேயிலையோடு வந்தது, காலியானதும் பழைய புத்தகத்தோடு பரணில் ஏறிவிடும். அதன் மூதாதையைத் தேடிப் போனால் எஸ்டோனியாவின் தாலின் நகரத்துக்குத்தான் போய்ச் சேருவோம். அன்று அது ரஷ்யப் பேரரசின் ரேவல். அங்கே லூத்தர் குடும்பத்தின் தொழிற்சாலை 1880-களில் பிர்ச் பிளைவுட்டில் நாற்காலி இருக்கைகள் செய்துகொண்டிருந்தது. அந்த நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அதே பலகையை லண்டனில் விற்க வெனெஸ்டா என்ற நிறுவனம் வந்தது. தேயிலைக்கு வேண்டியது லேசான, உடையாத, தன் வாசனையைத் தேயிலையில் ஏற்றாத பெட்டி. பலகைகளாகவே கப்பலேறி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து, தோட்டத்தில்தான் பெட்டியாகக் கூட்டப்பட்டது.

அதே வெனெஸ்டா பெட்டிகள் அண்டார்க்டிகாவுக்கும் போயின. 1907-ல் நிம்ராட் கப்பலில் கிளம்பிய துருவப் பயணி ஷாக்கிள்டன் சுமார் 2500 பெட்டிகளை எடுத்துச் சென்றார். சாதாரண மரப்பெட்டியை விட ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய நான்கு பவுண்டு எடை மிச்சம் என்று கணக்கும் எழுதி வைத்தார். அவர்கள் அங்கே தங்கிய கேப் ராய்ட்ஸ் குடிலில் காலியான பெட்டிகள் மேசையாயின, அலமாரியாயின. 1908 குளிர்கால இருட்டில் அங்கேயே ஒரு புத்தகம் அச்சடித்தார்கள், பெயர் 'அரோரா ஆஸ்திராலிஸ்'. அட்டை வேண்டுமே? பெட்டியை அறுத்துத் தேய்த்து அட்டையாக்கினார்கள். பெட்டிமேல் இருந்த வெண்ணெய், சூப் முத்திரைகள் சில பிரதிகளின் உள்பக்கத்தில் இன்றும் படிக்கக் கிடக்கின்றன. இன்று ஏலத்தில் பெரும் விலை போகும் புத்தகத்துக்கு அட்டை சாப்பாட்டுப் பெட்டி. எனக்குப் பிடித்த பிளைவுட் வேலை இதுதான்.

பெரும்பாலும் சரக்குப் பெட்டியாக இருந்த பலகையை வீட்டுக்குள் அழைத்து உட்கார வைத்தவர்களில் முக்கியமானவர் பின்லாந்தின் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ. பைமியோ என்ற ஊரில் காசநோய் மருத்துவமனை கட்டும்போது, 1931-32-ல் அதற்கென ஒரு நாற்காலி வரைந்தார். இருக்கையும் முதுகும் ஒரே பிளைவுட் தகடு. மேலேயும் கீழேயும் சுருள்போல வளைந்து, இருபக்கமும் ஒட்டி வளைத்த பிர்ச் சட்டங்களில் தொங்குகிறது. இரும்புக் குழாய் நாற்காலி புது நாகரிகமாக இருந்த காலம் அது. நோயாளியின் உடம்பில் படும் பொருள் சில்லென்று இருக்கக்கூடாது என்று ஆல்ட்டோ நினைத்தார். 1933-ல் அவர் செய்த மூன்று கால் முக்காலியில் வேலை இன்னும் நுட்பம். கால் முழு பிர்ச் கட்டை. அதன் மேல்முனையில் மட்டும் இழையோட்டத்தில் வரிசையாக ரம்பக் கீறல்கள் போட்டு, ஒவ்வொரு கீறலிலும் பசை தடவிய மெல்லிய வெனீரைச் செருகி, வளைத்து உலர வைத்தார்கள். வளைய வேண்டிய இடத்தில் மட்டும் அது பிளைவுட், மற்ற இடத்தில் கட்டை. மூட்டு வைக்காமலே கால் இருக்கைக்குக் கீழே செங்கோணமாகத் திரும்பிக்கொண்டது.

லண்டனில் ஜெரால்ட் சம்மர்ஸ் என்ற வடிவமைப்பாளர் 1934-ல் இன்னொரு துணிச்சல் செய்தார். ஒரே பலகையில் சில நேர்க்கோட்டு வெட்டுகள் போட்டு, வளைத்து, கை வைத்த நாற்காலி ஆக்கிவிட்டார். ஆணி இல்லை, மூட்டு இல்லை, மெத்தை இல்லை. வெப்ப நாடுகளின் ஈரத்தையும் பூச்சியையும் மனத்தில் வைத்துச் செய்தது என்பார்கள். யோசனை சரி. ஆனால் மரத்தின் பலவீனம் மூட்டில் மட்டும் இல்லையே.

அதைத் தெரிந்துகொள்ளப் போர் விமானம் வரை போக வேண்டும். 1940 நவம்பர் 25-ல் முதன்முதலில் பறந்த டி ஹாவிலண்ட் மாஸ்கிட்டோ விமானத்தின் உடல், இரண்டு பிர்ச் பிளைவுட் தகடுகளுக்கு நடுவே தக்கையளவு லேசான பால்சா மரம் வைத்து ஒட்டியது. பாதிப் பாதியாக அச்சில் வளைத்து, உள்ளே வயரிங் எல்லாம் முடித்துவிட்டு இரண்டையும் சேர்த்தார்கள். அலுமினியத் தட்டுப்பாட்டுக் காலத்தில் மேசை நாற்காலிப் பட்டறைகள் விமானப் பாகங்கள் செய்தன. ஐரோப்பாவில் புகழோடு பறந்த அதே விமானம் 1944-ல் இந்தியாவிலும் பர்மா முனையிலும் தகராறு செய்தது. சிலவற்றில் ஒட்டிய இடங்கள் விட்டுப்போய் விபத்துகள் நடந்தன. விமானங்களைத் தரையிறக்கி நிறுத்திவைத்து ஆராய்ந்தார்கள். வெயில், மழைக்கால ஈரம், பட்டறையில் ஒட்டும்போது நேர்ந்த குறைகள் என்று பல காரணங்கள் வந்தன.

நமக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பிர்ச் வலுவான மரம், ஆனால் நீடித்து உழைக்கிற மரமல்ல. அழுகலைத் தாங்கும் திறனில் ஐரோப்பியத் தரவரிசை அதைக் கடைசி வகுப்பில், ஐந்தாவதில் வைக்கிறது. கரையானுக்கும் எதிர்ப்பில்லை. கருஞ்சிவப்பான பசைக்கோடு தெரிந்தால் ஃபீனாலிக் பசை, தண்ணீரைத் தாங்கும். வெளிர் கோடு என்றால் பெரும்பாலும் யூரியா பசை, உள்வேலைக்கு மட்டும். ஃபீனாலிக் என்று சொல்லி 'வெளியில் போடலாம்' என விற்பவர் பாதி உண்மைதான் சொல்கிறார். பசை பிரியாது, மரம் மக்கும். சென்னையில் சமையலறைத் தொட்டிக்குக் கீழே பெட்டி கட்டுவதற்கு நான் பிர்ச் போட மாட்டேன். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளைவுட், மருந்தேற்றியது, 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதித்த வகை, அங்கே அதுதான் சரி.

பிர்ச் ஜெயிக்கிற இடம் வேறு. இழுப்பறை, புத்தக அலமாரி, குழந்தைகள் மேசை, ஒலிபெருக்கிப் பெட்டி, பட்டறையில் அளவுக்குச் செய்யும் ஜிக். அட்டைப்பெட்டி வெட்டும் டை போர்டு இன்னும் நல்ல உதாரணம். 18 மில்லிமீட்டர் பலகையில் லேசரால் மெல்லிய கீறல் வெட்டி, அதில் 0.71 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கத்தியைத் தட்டி இறக்குவார்கள். உள்ளே ஒரு கேப் இருந்தால் கத்தி ஆடும், ஆயிரக்கணக்கான பெட்டிகள் கோணலாக வெட்டுப்படும். பலகைக்குள் பொந்து இல்லை என்று ஒருவர் பணத்தைப் பந்தயம் கட்டும் தொழில் அது. மைனஸ் 163 டிகிரியில் இயற்கை எரிவாயுவைத் திரவமாக ஏற்றிச் செல்லும் கப்பல்களில் ஒரு வகையில், தொட்டியைச் சுற்றி அடுக்குவதும் பிர்ச் பிளைவுட் பெட்டிகளைத்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கு. தர எழுத்து இரண்டாக வரும், பி/பிபி என்பது போல. முன்முகம் பி, ஏறக்குறைய சுத்தம். பின்முகம் பிபி, முட்டை வடிவ ஒட்டுகள் தெரியும். பெயின்ட் அடிப்பதானால் இரண்டு பக்கமும் பிபி போதும், காசு மிச்சம். சி என்றால் முடிச்சுகள் திறந்தே இருக்கும், மறைகிற இடத்துக்கு மட்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய ஏமாற்று, முகம் மட்டும் பிர்ச், உள்ளே பாப்லரோ யூகலிப்டஸோ உள்ள பலகை. பில்லில் பிர்ச் என்றே இருக்கும். 2022-ல் உக்ரைன் போருக்குப் பின் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய மரப் பொருள்களைத் தடை செய்தது. சரக்கு துருக்கி, கஜகஸ்தான் வழியாகச் சுற்றி வருவதாகப் பார்த்து, 2024-ல் அந்த இரு நாட்டுப் பலகைகளுக்கும் தண்ட வரி போட்டது. எந்த நாட்டு ஆலை என்று கேட்பது இப்போது தரத்துக்கான கேள்வி மட்டுமல்ல.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 12 மில்லிமீட்டர் என்று விற்கும் பலகை பெரும்பாலும் அந்த அளவைவிடச் சற்றுக் குறைந்தே இருக்கும். காடி எடுக்கும் முன் கையிலுள்ள பலகையை அளந்து அந்த அளவுக்கு எடுங்கள். குறுக்கே அறுக்கும்போது மேல்வெனீர் பிய்யும், கத்தியால் ஆழமாகக் கோடு கீறிவிட்டு ரம்பம் வையுங்கள். ஓரத்தில் ஸ்க்ரூ போட்டால் அடுக்கு பிளக்கும், துளை போடாமல் ஏற்றாதீர்கள். கருஞ்சாயம் பூச ஆசைப்படாதீர்கள், திட்டுத்திட்டாக ஏறும். மீறிப் பூசுவதானால் முதலில் அரக்கு பாலிஷ் ஒரு கை மெல்லியதாக. நிறம் வெளுப்பாகவே இருக்க வேண்டுமா, தண்ணீரில் கலக்கும் தெளிவான பூச்சு போடுங்கள். எண்ணெய்ப் பூச்சு நாளாக ஆக மஞ்சளடிக்கும். எதைப் பூசினாலும் முன்னுக்கு எத்தனை கையோ பின்னுக்கும் அத்தனை கை. பின்பக்கம் யாருக்குத் தெரியப் போகிறது என்று விட்டுவிட்டால், அடுத்த மழைக்காலத்தில் அலமாரிக் கதவு சாத்தாது.