திரும்பலாம்னு சொல்றது யாரு?

பெரிய பல்கலைக்கழகங்கள்ல ‘ரிஸ்க் ரிஜிஸ்டர்’னு ஒண்ணு வச்சிருப்பாங்க. லேப்ல தீ, ஹாஸ்டல் சாப்பாடு, மாணவர் சுற்றுலா. எது நடக்கலாம், எவ்வளவு பாதிக்கும், யார் பொறுப்பு? அந்தக் கடைசிக் கேள்விதான் உயிர்நாடின்னு நான் நினைக்கிறேன்.

ஏன்னு புரிய, போடிக்கு மேலே குரங்கணியை நினைச்சுப் பாருங்க. 2018 மார்ச் 11. மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது; 23 பேர் இறந்தார்கள். சென்னை, ஈரோடு பக்கத்திலிருந்து போன இளைஞர்கள் பலர். மார்ச்சில் புல் காய்ந்து கிடக்கும். தீ சரிவில் ஏறும்போது இன்னும் வேகமெடுக்கும். மலையில் இருப்பவர்களுக்கு இது புதுசில்லை.

அதே வருஷம் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. இப்போ தீக்காலத்தில் வனத்துறையே பாதைகளை மூடிடுது. ‘வேணாம்’னு சொல்ல ஓர் ஆள் வந்தாச்சு.

உங்க காலேஜ்ல? டூருக்கு முன்னாடி பெற்றோர் கையெழுத்து வாங்குவாங்க. அது நிர்வாகத்தோட ரிஸ்க்கைத்தான் குறைக்குது. உங்களோடது அப்படியே இருக்கு.

அதனால கிளம்புறதுக்கு முன்னாடி கேளுங்க: பாதி வழியில ‘திரும்பலாம்’னு முடிவெடுக்கிறவர் யார்? ஒரு பேர் வரலைன்னா, பையை இறக்கி வச்சிடுங்க.