சித்திரை மீனுக்கு நேர் கீழே
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கார்த்திகை மீன்கூட்டத்தை நாம் அனைவரும் அறிவோம். அது தளர்ந்த சிறு கூட்டம். ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் பந்துபோல் திரண்ட பெருங்கூட்டம் ஒன்றும் நம் வானில் உண்டு. அதன் பெயர் ஒமேகா சென்டாரி. 1677-இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து நோக்கிய எட்மண்ட் ஹாலி, அது தனி விண்மீன் அன்று, மங்கிய ஒளித்திரள் எனக் கண்டார்.

தில்லியில் இது அடிவானத்திற்கு மேல் 14 பாகையே எழும். திருவனந்தபுரத்திலோ 34 பாகை எழும். சித்திரைத் திங்களில் நள்ளிரவை ஒட்டிச் சித்திரை மீன் தெற்கே உயர்ந்து நிற்கும். அதற்கும் தென் அடிவானத்திற்கும் நட்டநடுவே நோக்குக. நிலவற்ற, இருண்ட வானில் மங்கிய விண்மீனாகத் தோன்றுவது இதுவே. சித்திரை முழுநிலவு இவ்விடத்தருகே நின்று வானை வெளுப்பிக்கும். ஆதலின் அமாவாசை இரவே ஏற்றது.

இதைச் சிறு கருவிகொண்டு நாங்கள் படம் பிடித்தோம். புவி சுழல்வதால் விண்மீன்கள் நழுவும்; அவற்றைத் தொடர்ந்து கேமராவைத் திருப்ப ஒரு மோட்டார் தாங்கி வேண்டும். அதன் அச்சைத் துருவ மீனை நோக்கி நிறுத்துதல் வழக்கம். இங்கோ துருவ மீன் எட்டரைப் பாகை உயரமே. தென்னையும் வீடுகளும் அதை மறைத்துவிட்டன. ஆகவே திசைகாட்டியால் வடக்கறிந்து, மீன் நழுவும் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து அச்சைத் திருத்தினோம். பின் 20 வினாடிப் படங்கள் 100 எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தோம். அவ்வாறு சேர்த்தால் ஒளி 100 மடங்கு பெருகும். படத்தின் இரைச்சற் புள்ளிகளோ 10 மடங்கே பெருகும். தனிப் படத்தில் பஞ்சுத் துளியாய் நின்றது, விளிம்பில் மணல்மணலாய்ப் பிரிந்து விண்மீன்களாயிற்று.

அன்பர்களே, அவ்வொளி புறப்பட்டு ஏறத்தாழ 17,000 ஆண்டுகள் ஆயின. அன்று உலகில் ஒரு நகரமும் இல்லை. அத்துணைத் தொலைவு வந்த ஒளியை நம் மொட்டைமாடி விளக்கு இறுதிக் கணத்தில் விழுங்கலாமா? சுவாதித் திருநாள் மன்னர் 1837-இல் வானாய்வு நிலையம் கண்ட ஊர் இது. ஆயினும் நம் பிள்ளைகள் வான்மீன்களைப் புத்தகத்திலேயே காண்கின்றனர்.

ஒரு குடும்பத்தால் வாங்க இயலாத கருவியைச் சங்கம் பொதுவில் வாங்கி வைக்கலாம். சூன் பிறந்தால் மழை வானை மூடிவிடும். எனவே சித்திரை அமாவாசையன்று ஒரு மணி நேரமேனும் காலனியின் மாடிவிளக்குகளை அணைத்து, பிள்ளைகளை மேலே அழைத்து வருமாறு வேண்டுகிறோம். இருகண் தொலைநோக்கி ஒன்றிருந்தாலும் போதும்; காட்ட நாங்கள் காத்திருப்போம்.