திணிவு எங்கிருந்து வருகிறது?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் வைத்தியராகப் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு பற்றிப் பேசுவார் என்றுதான் எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் போன விடுமுறையில் எங்கள் வகுப்புத் தோழிகள் ஏழெட்டுப் பேர் பதுளையில் கூடியபோது, ஒரு தோழியின் மகள், இங்கே தரம் 10இல் படிக்கும் பிள்ளை, ஒரு கேள்வி கேட்டாள். "ஆன்ட்டி, நிறைக்குக் காரணம் புவியீர்ப்புன்னு படிச்சோம். அப்ப திணிவு எங்கருந்து வருது?" இரண்டு வைத்தியர்களும் மூன்று ஆசிரியைகளும் அங்கே இருந்தோம். ஒருவருக்கும் பதில் வரவில்லை. அதன்பின் தேடிப் படித்ததையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

எங்களில் பாதிப்பேர் பசறை, நமுனுகுலை, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள். நிறை என்பதைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே கொழுந்து மடுவத்துத் தராசில் பார்த்தவர்கள். சாக்குக்கும் ஈரத்துக்கும் கிலோ கழித்த பிறகு அம்மாவுக்கு முழுப்பேரா, அரைப்பேரா என்பதை அந்தத் தராசு முள்தான் சொல்லும். அந்தக் கொழுந்தைச் சந்திரனுக்குக் கொண்டுபோனால் நிறை ஆறில் ஒன்றாகிவிடும். திணிவோ மாறாது. அதைத் தள்ளி நகர்த்த எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதே திணிவு.

இலத்திரன் போன்ற அடிப்படைத் துணிக்கைகளுக்கு இந்தத் திணிவு எப்படி வந்தது? 1964இல் பெல்ஜியத்தில் இருவரும், எடின்பரோவில் பீற்றர் ஹிக்ஸும், லண்டனில் மூவரும் ஏறத்தாழ ஒரே விடையைச் சொன்னார்கள். வெளி எங்கும் ஒரு புலம் பரந்திருக்கிறது. அதனோடு தொடர்புகொள்ளும் துணிக்கை திணிவு பெறுகிறது. தொடர்பே கொள்ளாத ஒளித்துணிக்கைக்குத் திணிவு இல்லை. அந்தப் புலத்தை உலுக்கினால் ஒரு துணிக்கை வெளிப்பட வேண்டும். அதுதான் ஹிக்ஸ் போசோன். 'போசோன்' என்ற பெயர் வங்காளத்து விஞ்ஞானி சத்யேந்திரநாத் போஸுடையது. பதுளைக்கு ரயில் வந்த அதே 1924இல்தான் அவர் டாக்காவிலிருந்து தம் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார்.

சொல்வது எளிது, சோதிப்பது எப்படி? ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுகூடத்தில் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் புரோத்தன்களை மோதவிட்டார்கள். ஹிக்ஸ் துணிக்கை தோன்றிய கணத்திலேயே சிதைந்துவிடும். எஞ்சும் தடயங்களை வைத்துத்தான் அதை அறிய முடியும். நாங்களும் நோயாளியின் இதயத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை, ஈ.சீ.ஜீ. தாளில் அது விட்டுப்போகும் கோடுகளைப் பார்த்துத்தான் முடிவு சொல்கிறோம்.

ஓர் இடத்தில் அவர்கள் எங்களை வெட்கப்பட வைக்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளில், தற்செயலாக அப்படியொரு முடிவு வர இருபதில் ஒரு வாய்ப்புக்கும் குறைவு என்றாலே பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறோம். அவர்கள் கேட்பது சுமார் 35 லட்சத்தில் ஒன்று. 2012 யூலை 4ஆம் திகதி அட்லஸ், சீ.எம்.எஸ். என்னும் இரு குழுக்களும் தனித்தனியே அந்த எல்லையைத் தொட்ட பிறகே புதிய துணிக்கை கிடைத்ததென அறிவித்தார்கள். அதன் திணிவு புரோத்தனைப் போல் ஏறத்தாழ 133 மடங்கு.

துணிக்கை கிடைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. திணிவைத் தருவது இந்தப் புலம்தான் என்றால், கனத்த துணிக்கையோடு ஹிக்ஸ் வலுவாகவும் இலேசான துணிக்கையோடு மெலிவாகவும் தொடர்புகொள்ள வேண்டும். கனத்த டாப் குவாக்கோடும் பொட்டம் குவாக்கோடும் உள்ள தொடர்பு 2018இல் உறுதியானது. அவற்றைவிட மிக இலேசான மியூவோனுக்கு 2020இல் முதற் சான்று கிடைத்தது. இதுவரை கணக்கு ஒத்துப்போகிறது. இலத்திரனை இன்னும் சோதிக்க முடியவில்லை.

கொழுந்துச் சாக்கின் திணிவு முழுவதும் ஹிக்ஸ் தந்ததென்று எண்ணிவிடாதீர்கள். புரோத்தனுக்குள் இருக்கும் குவாக்குகளின் திணிவு மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றளவே. மீதி, அவற்றைப் பிணைத்து வைத்திருக்கும் சக்தி. ஆனாலும் அந்தச் சிறு பங்கு இலத்திரனுக்கு இல்லாவிட்டால் அணுவே உருவாகாது.

இன்னும் விடை வராத துணிக்கை நியூத்திரினோ. அதன் கதையில் நம்மவர் கையும் இருக்கிறது. நம் பாட்டன் பூட்டன் கோப்பிக்கும் தேயிலைக்கும் கடல் கடந்து வந்த நூற்றாண்டில்தான் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழர் பலர் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனார்கள். 1965இல் அங்கே இரண்டு கிலோமீற்றருக்கும் கீழான ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூத்திரினோக்களை இந்திய, யப்பானிய, பிரித்தானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். உலகில் அவை முதன்முதலில் பிடிபட்ட இரண்டு இடங்களில் கோலார் ஒன்று; மற்றது தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கம். அத்தகைய நியூத்திரினோக்களுக்குத் திணிவு உண்டென்று 1998இல் யப்பானில் தெரியவந்தது. அந்தத் திணிவு எப்படி வந்தது என்பது இன்றும் திறந்த கேள்வி.

சுரங்கத்தை வெட்டியவர்களின் பெயர் ஆய்வுக் கட்டுரைகளில் இல்லை. நம் பிள்ளைகளின் பெயர் இருக்கலாம் அல்லவா?

கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையின் தாய் எங்கள் வகுப்பில் கணிதத்தில் முதல் வந்தவள். உயர்தரத்தில் பௌதிகவியலுக்கு ஓராண்டு ஆசிரியர் இல்லாமற் போனபோது நாங்கள் சிலர் கொழும்புக்கும் கண்டிக்கும் போய்ப் படித்தோம். அவளுக்கு அந்த வசதி இல்லை; கலைப்பிரிவுக்கு மாறினாள். அன்று நாங்கள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. இன்று எண்ணுகிறோம்.

ஊவாவில் தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானம் படிக்கக்கூடிய பாடசாலைகள் இன்றும் குறைவு. ஆகவே எங்கள் வகுப்பினர் கூடி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். தோட்டங்களிலிருந்து வந்து இங்கே பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளின் பஸ் செலவையும், ஆசிரியர் இல்லாத காலத்தில் வகுப்பெடுப்பவரின் கொடுப்பனவையும் நாங்கள் ஏற்கிறோம். மற்ற வகுப்பினரும் கைகொடுத்தால் ஆய்வுகூடத்தையும் திருத்தலாம்.

அடுத்த வருடம் அந்தப் பிள்ளை சாதாரண தரம் எழுதுவாள். அதற்குள் நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.