புகையும் நொதியும்



சிகரெட் புகை நுரையீரலைக் கெடுக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். எவ்வாறு கெடுக்கிறது என்பதை அறிந்தோர் சிலரே. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நம் நுரையீரலில் பல கோடி நுண்ணிய காற்றறைகள் உள்ளன. மூச்சை இழுக்கும்போது அவை விரியும்; விடும்போது சுருங்கும். இத்தன்மையை அவற்றுக்குத் தருவது, சுவர்களில் ஓடும் எலாஸ்டின் என்னும் புரத இழை. இவ்விழை அறுந்தால் சுவர்கள் சிதைந்து, சிற்றறைகள் பல ஒன்றாகிவிடும். உட்புகுந்த காற்று எளிதில் வெளியேறாது. எம்ஃபைசீமா என்னும் நோய் இதுவே.

இழையை அறுப்பது எது? 1960களில் ஆராய்ச்சியாளர் சிலர், பப்பாளிப் பாலில் உள்ள பப்பெயின் என்னும் நொதியை எலிகளின் நுரையீரலிற் செலுத்தினர், இந்நோய் தோன்றியது. புரதத்தை அறுக்கும் நொதி ஒன்றே இதற்குப் போதும் என்பது புலனாயிற்று. ஆயின், புகைப்போர் மார்பில் பப்பாளிப் பால் ஏது?

நுரையீரலுக்குள் தூசியையும் கிருமியையும் விழுங்கி நம்மைக் காக்கும் செல்கள் உண்டு. மேக்ரோஃபேஜ் என்பது அவற்றின் பெயர். அவை சுரக்கும் நொதி ஒன்றும் எலாஸ்டினை அறுக்க வல்லது. அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 1997இல் வெளியிட்ட ஆய்வு இந்நொதியைப் பற்றியதே. நொதிக்குரிய மரபணு நீக்கப்பெற்ற சுண்டெலிகளையும் இயல்பான சுண்டெலிகளையும் அவர்கள் எடுத்துக்கொண்டனர். நாளுக்கு இரண்டு சிகரெட், வாரத்துக்கு ஆறு நாள் என ஆறு மாதம் புகையூட்டினர். இயல்பானவற்றின் காற்றறைகள் சிதைந்தன. நொதியற்றவற்றுக்கு அந்நோய் வரவில்லை. அவற்றின் நுரையீரலில் காவற் செல்கள் பெருகவுமில்லை. செல்கள் வராமையால் தப்பினவோ என்ற ஐயம் எழுந்தது. செல்களை ஈர்க்கும் பொருளைச் செலுத்தி அவற்றை வரவழைத்தனர். செல்கள் வந்தன, சேதம் வரவில்லை!

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அதுதான் இது. எனினும் இந்நொதி ஒன்றே குற்றவாளி என்று கொள்ளலாகாது. வெள்ளணுக்களின் மற்றொரு நொதி இல்லாத சுண்டெலிகளும் பெருமளவு தப்பின என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. எலியிற் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்துவதும் முறையன்று.

நண்பர்களே, அந்தச் சுண்டெலிகளைப் போல் நொதியை நீக்கிக்கொண்டு நாம் வாழ இயலாது. சிதைந்த காற்றறையை மீண்டும் கட்டித்தரும் மருந்தும் இன்றுவரை இல்லை. காவலனைப் பகைவனாக்கும் புகையை உள்ளே விடாதிருப்பது ஒன்றே நம் கையில் உள்ளது.