கேட்டை மறிக்கலாம், கையைப் பிடிக்கலாமா?

தகராறு செய்பவரை வாட்ச்மேன் பிடித்து வைக்கலாம் என்று இந்தப் பட்டிமன்றத்தில் எதிரணித் தலைவர் பேசி முடித்ததும், குடியிருப்புச் சொசைட்டிகளின் செயலாளர்கள் பலமாகக் கைதட்டினார்கள். வாட்ச்மேன்கள் யாரும் தட்டவில்லை; அவர்கள் டியூட்டியில் இருக்கிறார்கள்.

"தகராறு செய்தால் பிடித்து உட்காரவைக்க வேண்டாமா?" என்றார். யாரை ஐயா? செம்பூர் பில்டிங் ஒன்றில், லிஃப்டில் ஏறாதே என்றதற்கு எதிர்த்துப் பேசிய தாராவி டெலிவரிப் பையனையா? பதினான்காம் மாடிக்காரர் பார்க்கிங்குக்காக அதே பில்டிங் வாசலில் கத்தினால், அவரையும் உட்காரவைப்பீர்களா? வைத்தால் மறுநாள் வாட்ச்மேனுக்கு வேலை இருக்குமா?

சட்டத்துக்கு வருகிறேன். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 40. தனிநபரும் கைது செய்யலாம், மறுக்கவில்லை. ஆனால் கண்ணெதிரே நடந்த குற்றமாக இருக்க வேண்டும். அதுவும் ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத, வாரண்ட் இல்லாமலே போலீஸ் பிடிக்கக்கூடிய குற்றம். பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்தாக வேண்டும். குரலை உயர்த்துவது இதில் எங்கே வருகிறது? தப்பாக அடைத்து வைத்தால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 127, ஓராண்டு வரை சிறை. "பிடிடா அவனை" என்று மாடியிலிருந்து சொன்னவரா முதலில் ஸ்டேஷனுக்குப் போவார்? கையைப் பிடித்தவர்தான் போவார்.

எதிரணியினர் மும்பை சயான் ஆஸ்பத்திரியையும் உதாரணமாகச் சொன்னார்கள். சரிதான், 2017 மார்ச்சில் டாக்டர்கள் தாக்கப்பட்டார்கள், ரெசிடென்ட் டாக்டர்கள் வேலைக்கு வரவில்லை, ஏழை நோயாளிகள் தவித்தார்கள். டாக்டரைத் தாக்குவது 2010ஆம் ஆண்டின் மகாராஷ்டிரச் சட்டப்படி ஜாமீன் உரிமை இல்லாத குற்றம். அங்கே அடிக்கிறவனைக் காவலாளி பிடிக்கட்டும், விட்டுக்கொடுக்கிறேன். "டாக்டர் ஏன் இன்னும் வரலை?" என்று அழுதுகொண்டே கேட்கும் தாயை ஏன் பிடிக்க வேண்டும்?

கை வைத்தால் என்ன ஆகும்? 2017 அக்டோபரில் டெல்லி விமான நிலையத்தில் ஒரு பயணியோடு வாய்த்தகராறு. இண்டிகோ விமான நிறுவன ஊழியர்கள் அவரைத் தரையில் தள்ளி அமுக்கினார்கள். வீடியோ வெளிவந்தது, கம்பெனி மன்னிப்புக் கேட்டது. 2022 ஆகஸ்டில் நொய்டாவில் நடந்தது நேர்மாறு. கேட் திறக்கத் தாமதம் என்று ஒரு பெண், காவலாளியின் சட்டையைப் பிடித்து இழுத்து ஏசினார். காவலாளி அவரைப் பிடித்து வைக்கவில்லை. வீடியோ பரவியது, போலீஸ் அந்தப் பெண்ணைக் கைது செய்தது. காவலாளி கெட்டிக்காரரா, இண்டிகோ ஊழியர்கள் கெட்டிக்காரர்களா?

நடுவர் மணியடிக்கிறார். முடிக்கிறேன். வாட்ச்மேன் கேட்டைச் சாத்தட்டும், நாலடி தள்ளி நிற்கட்டும், 112ஐ அழைக்கட்டும். அடிதடி என்றால் மட்டும் கை நீளட்டும். 2005ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிச் சட்டத்தின் மாதிரி விதிகள் காவலாளிக்கு 160 மணி நேரப் பயிற்சி கேட்கின்றன. ஆளைப் பிடிக்கச் சொல்லும் எதிரணியினர், தங்கள் பில்டிங் வாட்ச்மேன் அதில் எத்தனை மணி நேரம் முடித்தார் என்று முதலில் சொல்லட்டும்.