கல்லெழுத்தைப் படித்த பேராசிரியர்

எழுதியவர்கள் மறைந்துவிட்டார்கள், படிக்கத் தெரிந்தவர்களும் இல்லை, எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதை ஒருவர் எப்படிப் படிப்பது? அவர் படித்தது சரி என்று நாம் எப்படி நம்புவது? இந்த இரண்டு கேள்விகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு, நார்வே நாட்டு அறிஞர் சோபஸ் புக்கே அவர்களின் கல்விப் பணியை இன்று பார்ப்போம்.

வட ஐரோப்பிய மக்கள் பழங்காலத்தில் வழங்கிய எழுத்துகளுக்கு 'ரூன்' என்று பெயர். மரத்திலும் எலும்பிலும் கத்தியால் கீறுவதற்கு ஏற்றவாறு, பெரும்பாலும் நேர்க்கோடுகளால் ஆனவை. தொடக்கத்தில் 24 எழுத்துகள் இருந்தன. ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டில் ஸ்காண்டிநேவிய நாடுகளில் அவை 16 ஆகச் சுருங்கின. இந்தப் பிந்திய வரிசையைப் படிக்கும் வழி முற்றிலும் மறக்கப்படவில்லை. முந்திய 24 எழுத்து வரிசைதான் அறிஞர்களைத் திகைக்க வைத்தது.

திகைப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். இன்று சுவீடனில் உள்ள ரூனமோ என்னும் இடத்தில் ஒரு பாறை இருக்கிறது. அதில் பழைய எழுத்து இருப்பதாக நெடுங்காலம் நம்பினார்கள். 1830களில் ஃபின்னூர் மக்னூசன் என்ற பெரும் புலவர், அதிலே ஒரு போர்ப் பாடலையே படித்துக் காட்டினார். பின்பு 1844இல் டென்மார்க்கின் தொல்பொருள் அறிஞர் வோர்சே, அவை எழுத்துகளே அல்ல, பாறையின் இயற்கை வெடிப்புகள் என்று விளக்கினார். படித்தவர் பொய் சொல்லவில்லை. ஆனால் தாம் படித்ததைச் சோதித்துப் பார்க்கும் உரைகல் அவரிடம் இல்லை.

அந்த உரைகல்லை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் புக்கே. அவர் 1833ஆம் ஆண்டில், தென் நார்வேயின் லார்விக் நகரில் பிறந்தார். கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஒஸ்லோவில், பல்கலைக்கழகக் கல்வி பெற்றார். கோபன்ஹேகனிலும் பெர்லினிலும் மேற்படிப்பு. நூலகத்தோடு அவர் நின்றுவிடவில்லை. தெலமார்க் மலைநாட்டில் ஊர் ஊராகச் சென்று, குடியானவர்கள் பாடிய கதைப் பாடல்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். 1858இல் அவற்றை நூலாக வெளியிட்டார். மக்கள் வாயில் மொழி எப்படி மாறுகிறது என்பதை அவருடைய காது அங்கேதான் பழகியது எனலாம்.

1865ஆம் ஆண்டில் அவர் ஒரு பொற்கொம்பின் எழுத்தை எடுத்துக்கொண்டார். டென்மார்க்கின் கல்லெஹுஸ் சிற்றூரில் 1734இல் கிடைத்த கொம்பு அது. 1802இல் ஒரு பொற்கொல்லன் அதைத் திருடி உருக்கிவிட்டான். மிஞ்சியது பழைய வரைபடம் மட்டுமே. அதில் உள்ள எழுத்துகளை முன்பே சிலர் ஓரளவு படித்திருந்தனர். கொம்பைச் செய்தவன் தன் பெயரைச் சொல்லி, 'செய்தது நான்' என்று பொறித்திருக்கிறான் என்பதைப் புக்கே தெளிவாக்கினார்.

அது சரி என்பதற்குச் சான்று என்ன? அந்தப் பெயரின் பின்பகுதி 'கஸ்திஸ்'. விருந்தினன் என்று பொருள். ஜெர்மன் மொழியில் 'காஸ்ட்', பழைய நார்வே மொழியில் 'கெஸ்டர்', ஆங்கிலத்தில் 'கெஸ்ட்'. 'கஸ்திஸ்' என்பதில் பின்னால் வரும் இகரம் முன்னால் உள்ள அகரத்தை இழுத்து எகரமாக்கியது. பிறகு தானும் மறைந்தது. பழைய நார்வே மொழியில் 'கெஸ்டர்' பிறந்தது இப்படித்தான். மொழியின் விதி முன்னரே எதிர்பார்த்த வடிவம் கொம்பில் அப்படியே நின்றது! இன்னொன்றும் வேண்டும்: ஒரு குறிக்கு இங்கே கொடுத்த ஒலி, வேறு கல்லிலும் பொருந்தி வர வேண்டும். இவையே உரைகல்.

1866இல் புக்கே பேராசிரியரானார். அடுத்த ஆண்டே பழைய நார்வே மொழியின் 'எட்டா' பாடல்களுக்குச் செம்பதிப்பு வெளியிட்டார். 1891 முதல், நார்வேயில் கிடைத்த பழைய ரூன் பொறிப்புகளையெல்லாம் தொகுத்து வெளியிடத் தொடங்கினார்.

அவர் சொன்னதெல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. இத்தாலியின் பழைய எத்ருஸ்க மொழி ஆர்மீனிய மொழிக்கு உறவு என்றார், அது நிலைக்கவில்லை. வடநாட்டுத் தெய்வக் கதைகளில் கிறிஸ்தவக் கதைகளும் கிரேக்க, ரோமானியக் கதைகளும் பெரிதும் கலந்துள்ளன என்று 1881 முதல் எழுதினார். அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது.

ஆயினும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். சுவீடனின் ரோக் என்னும் ஊரில், தரைக்கு மேல் சுமார் இரண்டரை மீட்டர் உயரமுள்ள ஒரு கல் நிற்கிறது. ஏறத்தாழ 760 எழுத்துகள். மறைந்த தன் மகனுக்காக ஒரு தந்தை 9ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கல் அது. அதற்குப் புக்கே 1878இல் ஓர் உரை கண்டார். பத்தாண்டு கழித்து, 1888இல், தம் உரையைத் தாமே திருத்தினார். மூன்றாம் உரையோ, 1907இல் அவர் மறைந்தபின் 1910இல்தான் அச்சேறியது. பெயர் பெற்ற பேராசிரியர், முன்பு எழுதியதையே பிடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. விட்டுச்சென்ற தொகுப்பு வேலையை அவருடைய மாணவர் மாக்னுஸ் ஓல்சன் ஏற்று, 1924இல் முடித்தார்.

வேலை இன்னும் முடிந்துவிடவில்லை. ரோக் கல்லுக்குச் சுவீடன் அறிஞர்கள் 2020இல் ஒரு புதிய பொருள் கூறினர். கடுங்குளிர் மீண்டும் வருமோ என்ற அச்சத்தை அது பேசுகிறது என்பது அவர்கள் கருத்து. நார்வேயில் 2021இல் ஒரு பழைய புதைகுழியில் எழுத்துள்ள கல் ஒன்று கிடைத்தது. அதன் காலம் கி.பி. 1க்கும் 250க்கும் இடைப்பட்டது என்று 2023 ஜனவரியில் ஒஸ்லோ அருங்காட்சியகம் அறிவித்தது. அந்தக் கல்லையும் ஆய்வாளர்கள் அதே உரைகல்லில்தான் உரைத்துப் பார்க்கிறார்கள்.

நேயர்களே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். ஒருவர் பெரியவர் என்பதற்காக அவர் படித்ததை நாம் நம்புவதில்லை. பிறர் சோதிப்பதற்கு அவர் வழிவிட்டிருந்தால் நம்புகிறோம். தம் பிழையைத் தாமே முதலில் தேடியிருந்தால், இன்னும் உறுதியாக நம்புகிறோம்.