கணினிக்குள் கணினி: யாருக்கு எவ்வளவு?
(சங்கக் கூட்டத்தில் பேசியது)

நம் பழைய பராமரிப்புக் கணக்குகள் விண்டோஸ் 7-இல் மட்டும் ஓடும் மென்பொருளில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதற்காக அலுவலக லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் ஒரு விண்டோஸ் 7 வைத்திருக்கிறோம். அதைத் திறந்தால் லேப்டாப்பே நின்றுவிடுகிறது, பாக்கி விவரம் கேட்டு வந்தவர்கள் அரை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது என்பது புகார்.

லேப்டாப்பின் ரேம் 8 ஜிபி. உள்ளே இருப்பதற்கு 6 ஒதுக்கப்பட்டிருந்தது. வெளியே இருக்கும் விண்டோஸுக்கு மிச்சம் 2. அது போதாமல் ஹார்டு டிஸ்க்கை ரேம் மாதிரி பயன்படுத்த ஆரம்பிக்கும், அங்கேதான் இழுவை. கிளையின் ரொக்கம் முழுவதையும் ஒரே கவுன்ட்டரில் கொட்டினால் மற்றவர் என்ன செய்வார்?

கணக்கு பார்க்க விண்டோஸ் 7-க்கு 2 ஜிபி தாராளம். உள்ளே இருப்பதை முழுதாக ஷட்டவுன் செய்துவிட்டு, செட்டிங்ஸில் 'பேஸ் மெமரி'யைக் குறையுங்கள். பிராசஸர் கோர் நான்கு இருந்தால் இரண்டு போதும்; நான்கையும் கொடுக்காதீர்கள். 'கெஸ்ட் அடிஷன்ஸ்' நிறுவினால் திரையும் மவுஸும் சீராகும். இத்தனைக்கும் செலவு ஒரு ரூபாய் கிடையாது.

செலவு செய்வதென்றால் எஸ்எஸ்டி வாங்கலாம். எனக்குக் கேட்டால் ரேமைவிட அதுதான் முதலில்.

இன்னொன்று. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. உள்ளே இருப்பதற்கு இணைய இணைப்பைத் துண்டித்தே வையுங்கள். கணக்கு பார்க்க அது தேவையில்லை.